இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட்: வெளியாளைத் தடுக்கிறது, வகுப்பில் இருப்பவரை?

பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைக்கு இன்ஸ்டாகிராம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. கொடுத்துவிட்டு வந்து கேட்கிறவர்கள் அதைவிட நிறைய. அதனால் அந்த நிறுவனம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்திருக்கும் டீன் அக்கவுண்ட்டை என் அக்கா மகளின் போனில் போட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செட்டிங்காகப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் மனதில். கூடப் படிக்கிற பிள்ளைகளே ஒரு பிள்ளையைச் சேர்ந்து வதைக்கும்போது இது உதவுமா? நேரம் வீணாகிறது, மார்க் குறைகிறது என்பதெல்லாம் வேறு பேச்சு, அதை இங்கே எடுக்கவில்லை.

திண்டுக்கல்லில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. காலையிலும் மாலையிலும் ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் என்று பிள்ளைகள் நிற்பார்கள். அவர்கள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர்களுடைய அம்மாக்கள் சிலர் வருவார்கள். போனை நீட்டிக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுங்க, வேற யாரும் பாக்க வேண்டாம்" என்பார்கள். மகளைப் பற்றி, மகனைப் பற்றி யாரோ எழுதியதன் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கும். பள்ளியில் காட்டவோ, ஸ்டேஷனில் கொடுக்கவோ கேட்பார்கள். அந்தத் தாள்கள் பிரிண்டரில் இருந்து வெளியே வரும்போது படிக்காமல் இருக்க முடியாது. படித்துப் படித்துத்தான் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டானது.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டீன் அக்கவுண்ட் 2024 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் வந்தது. இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளை என்று பிறந்த தேதி சொன்னால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். புதிதாக யார் பின்தொடர்ந்தாலும் பிள்ளை சம்மதிக்க வேண்டும். பிள்ளை பின்தொடர்கிறவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும். டேக் செய்வது, பெயரைக் குறிப்பிடுவது எல்லாம் பிள்ளை பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும். கெட்ட வார்த்தைகளை மறைக்கும் ஹிடன் வேர்ட்ஸ் மிகக் கடுமையான நிலையில் வைக்கப்பட்டிருக்கும். ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 மணியில் இருந்து காலை 7 மணி வரை நோட்டிபிகேஷன் சத்தம் வராது. 16 வயதுக்குக் கீழே இருந்தால் இவற்றைத் தளர்த்த அம்மாவோ அப்பாவோ சம்மதிக்க வேண்டும்.

வெளியாளிடம் இருந்து பிள்ளையைக் காக்க இது நல்ல ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒரு முப்பது வயது ஆள் "ஹாய் டியர்" என்று அனுப்புவது பெருமளவு நின்றுபோகும். இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லா வீட்டிலும் போட வேண்டும் என்பேன்.

ஆனால் மேலே நான் எழுதியதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பிள்ளை பின்தொடர்கிறவர்கள், ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்கள் என்றுதான் ஒவ்வொரு வரியும் முடிகிறது. பள்ளிப் பிள்ளையை வதைக்கிறவர்கள் யார்? நான் பிரிண்ட் போட்ட தாள்களில் எழுதியவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலுக்குள் இருந்தவர்கள்தான். அதே வகுப்பு, அதே டியூஷன், அதே ஆட்டோ. மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன தோழிகூட இருப்பாள். அவர்களைப் பிள்ளையே விரும்பிப் பின்தொடர்ந்திருக்கிறது. கதவுக்குப் போட்ட பூட்டு அவர்களுக்குப் பூட்டே இல்லை.

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் நடந்தது. ஆண்டு விழாவில் பரதம் ஆடினாள். அந்தப் படத்தை யாரோ வகுப்பு குரூப்பில் போட, "லைட்டைப் போடுங்கப்பா" என்று ஒருத்தி எழுதினாள். அடுத்தவள் "டார்ச் அடிச்சுத் தேடுறேன், காணோம்" என்றாள். அதற்குப் பிறகு கருப்பு நிலா எமோஜி மட்டும் வரிசையாக. ஆரம்பித்து வைத்தவள் இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்கிறவள். மறுநாள் வகுப்பில் யாரோ சுவிட்சைத் தட்டினால்கூடச் சிரிப்பு. அந்த வாரம் அவள் டியூஷனுக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொல்லியிருக்கிறாள். அக்காவும் நம்பிவிட்டாள், கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

அதனால்தான் ஹிடன் வேர்ட்ஸை நாங்கள் இருவரும் ரொம்ப நேரம் பார்த்தோம். அதில் கம்பெனியே வைத்திருக்கும் பட்டியல் போக, நமக்கு வேண்டாத வார்த்தைகளையும் எமோஜிகளையும் நாமே சேர்க்கலாம். அந்த வார்த்தை உள்ள கமெண்ட் மறைந்துவிடும், முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெசேஜ் ரிக்வெஸ்ட் தனியாக ஒதுங்கிவிடும். ஒரு ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு, "சொல்லும்மா, எதெல்லாம் போடணும்?" என்றேன். கெட்ட வார்த்தைகளாகச் சொல்லப்போகிறாள், எப்படி எழுதுவது என்ற கூச்சம் எனக்கு. அவள் சொன்னது: லைட், டார்ச், பவர் கட், தார் ரோடு, நெகட்டிவ். எழுதிக்கொண்டே வந்தேன். அவளே நிறுத்திச் சொன்னாள். "சித்தி, இதையெல்லாம் போட்டா, உங்க வீட்ல கரண்ட் இருக்கான்னு என் ஃபிரெண்டு கேட்டாக்கூட மறைஞ்சிருமே?"

அவள் கேட்டதுதான் சரி. அந்த ஐந்து வார்த்தையில் ஒன்றுகூடக் கெட்ட வார்த்தை கிடையாது. எந்த நாட்டு அகராதியை வைத்துத் தேடினாலும் அகப்படாது. அந்த வகுப்பில் இருக்கிற முப்பது நாற்பது பேருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். உருவத்தை, நிறத்தை, நடையை, குரலைக் கேலி செய்கிறவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். பெண்பிள்ளை மாதிரி நடக்கிறான் என்று ஒரு பையனை வதைத்த தாள்களை ஒருமுறை பிரிண்ட் எடுத்தேன். பக்கம் பக்கமாக இருந்தது "வாங்க மேடம்" மட்டும்தான். மரியாதையான இரண்டு வார்த்தைகள். அவன் அதற்காகவே பள்ளி மாறிவிட்டான் என்று அவன் அம்மா சொன்னார்கள்.

நேரடியான வசவு வந்தாலும் பிள்ளைகள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறார்கள். ஒரே சொல்லை ஒருவன் ஒரு மாதிரி எழுதுகிறான், இன்னொருவன் உயிரெழுத்தை எல்லாம் விழுங்கிவிட்டு எழுதுகிறான். பட்டியலில் சேர்ப்பதானால் நினைவுக்கு வருகிற எல்லா எழுத்துக் கூட்டலையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். எமோஜியைச் சேர்க்க முடிகிறது என்பது நல்ல விஷயம், கருப்பு நிலாவைச் சேர்த்துவிட்டோம். அதைத் தவிர இந்த வசதியால் எங்களுக்குப் பெரிய பயன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முக்கியமாக, இந்த வடிகட்டி கமெண்ட்டுக்கும் மெசேஜ் ரிக்வெஸ்ட்டுக்கும் வைத்தது. தெரிந்தவள் நேராக அனுப்பும் சாட் அதற்குள் வராது.

சாதி விஷயம் இன்னும் மோசம். "எந்த ஊரு?" என்று கேட்பான், பதில் வந்ததும் "எந்தத் தெரு?" என்பான். அவ்வளவுதான், மிச்சத்தை அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். தன் பக்கத்தின் மேலே தன்னைப் பற்றி எழுதும் பயோவில் இரண்டு வண்ண இதயம் வைத்திருப்பான், அது எந்தக் கொடி என்று எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, சாதியைக் காட்டும் மோதிரம், பொட்டு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. கயிறைக் கட்டி வந்தால் ஆசிரியர் பார்த்துக் கழற்றச் சொல்லலாம். பயோவில் இருக்கிற வண்ண இதயத்தை யார் கழற்றுவது? இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா கம்பெனியின் விதிகளில் மதம், இனம் போலச் சாதியும் வெறுப்புப் பேச்சிலிருந்து பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. சாதியைச் சொல்லி எழுதியிருந்தால் ரிப்போர்ட் கொடுக்கும்போது சும்மா "பிடிக்கவில்லை" என்று அழுத்தாமல் வெறுப்புப் பேச்சு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ரெஸ்ட்ரிக்ட். இது டீன் அக்கவுண்ட்டோடு வந்தது இல்லை, 2019-லேயே வந்துவிட்டது, பெரியவர்களுக்கும் உண்டு. ஆனால் கடைக்கு வருகிறவர்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. எல்லாருக்கும் பிளாக் மட்டும் தெரியும்.

ஒருத்தியை ரெஸ்ட்ரிக்ட் செய்தால் என்ன ஆகும் என்றால், அவள் நம் படத்துக்குக் கீழே எழுதுவது அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. நமக்கு அது மூடிய நிலையில் இருக்கும். வேண்டுமென்றால் திறந்து பார்க்கலாம், அனுமதிக்கலாம், அழிக்கலாம், அப்படியே விட்டுவிடலாம். அவள் அனுப்பும் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போய்விடும், நோட்டிபிகேஷன் வராது. நாம் ஆன்லைனில் இருக்கிறோமா, படித்தோமா என்று அவளுக்குக் காட்டாது. தன்னை ரெஸ்ட்ரிக்ட் செய்திருக்கிறார்கள் என்ற தகவலும் அவளுக்குப் போகாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பள்ளிப் பிள்ளைக்கு இதுதான் பெரிய விஷயம். பிளாக் செய்தால் தகவல் போகாது என்றாலும், தேடிப் பார்த்தால் பக்கம் காணாமல் போயிருக்கும், உடனே தெரிந்துவிடும். அடுத்த நிமிடம் "என்னை பிளாக் பண்ணிட்டா மகாராணி" என்று ஸ்டோரி. காலையில் வகுப்பில் அதற்கு ஒரு பஞ்சாயத்து. "அப்படி என்ன பண்ணிட்டேன், ஜாலிக்குச் சொன்னேன், இதுக்குப் போய்" என்று அடித்தவளே பாதிக்கப்பட்டவளாக மாறிவிடுவாள். என் அக்கா மகள் பிளாக் செய்யவே மாட்டேன் என்று அழுததற்கு இதுதான் காரணம். 2019 ஜூலையில் இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி இந்த வசதியை முன்கூட்டி அறிவித்தபோது இதைத்தான் சொன்னார்: வதைக்கிறவரை நேரிலும் சந்திக்க வேண்டியிருக்கும் பிள்ளைகள், பிளாக் செய்தால் சண்டை முற்றும் என்று தயங்குகிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் வந்தது. புண்படுத்துகிற மாதிரி கமெண்ட் எழுதினால், போடுவதற்கு முன் "நிச்சயம் போடணுமா?" என்று கேட்கும். இந்த யோசனையை அதற்கு ஆறு வருடம் முன்பே, 2013-ல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த திரிஷா பிரபு என்ற 13 வயதுப் பெண் யோசித்தாள். இணையத்தில் வதைபட்டு உயிரைவிட்ட ஒரு சிறுமியைப் பற்றிப் படித்துவிட்டு, அனுப்புவதற்கு முன் ஒருமுறை நிறுத்திக் கேட்கும் "ரீதிங்க்" என்ற மென்பொருளைச் செய்தாள். அடுத்த வருடம் கூகுள் அறிவியல் கண்காட்சியின் இறுதிச் சுற்றுக்குப் போனாள். பதிமூன்று வயதுக்குப் புரிந்தது, பெரிய கம்பெனிகளுக்குப் புரிய அவ்வளவு வருடம் ஆனது. எழுதுகிற பிள்ளையையும் பிள்ளையாகப் பார்த்த யோசனை அது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ரெஸ்ட்ரிக்ட் எங்கே இருக்கிறது: அவர்களுடைய பக்கத்துக்குப் போய் மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் பிளாக், ரிப்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அக்கா மகள் இரண்டு பேரைப் போட்டாள். மூன்றாவது பெயரில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள். யார் மூன்றாவது என்று நான் கேட்கவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. நம் பக்கத்தில் அவர்கள் எழுதுவதைத்தான் அடக்கும். அவர்கள் தங்கள் பக்கத்தில் போடுவதையோ, நாம் இல்லாத குரூப்பில் பேசுவதையோ தொடாது.

லிமிட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. திடீரென்று நிறைய பேர் சேர்ந்து தாக்கும்போது சில நாட்களுக்கு மட்டும் கமெண்ட்டையும் மெசேஜையும் ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தலாம். ஒரு பிள்ளையின் வீடியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டால் உடனே போட வேண்டியது இது. பிளாக் செய்தே ஆக வேண்டிய ஆளாக இருந்தால், அந்த ஆள் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்து பிளாக் செய்யும் தேர்வு வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் கண்காணிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சூப்பர்விஷன் போட்டால், கடந்த ஏழு நாளில் பிள்ளை யாருக்கெல்லாம் மெசேஜ் அனுப்பியது என்று தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. தினம் எவ்வளவு நேரம் என்று வரையறுக்கலாம், இரவில் மொத்தமாக நிறுத்தலாம். பிள்ளை யாரையாவது ரிப்போர்ட் செய்தால், அதை அம்மா அப்பாவுக்குத் தெரிவிக்கும் வசதியும் உண்டு, தெரிவிப்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். அத்தானுக்கு இது போதவில்லை. "என்ன பேசுறாங்கன்னு தெரியாம, யாரோட பேசுறான்னு மட்டும் தெரிஞ்சு நான் என்ன பண்றது?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் நான் கம்பெனியின் பக்கம்தான். அப்பா படிக்கிறார் என்று தெரிந்தால் பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே பேசாது, வேறொரு கணக்கைத் திறந்து அங்கே அழும். வதைபடுகிற பிள்ளைக்குத் தனியாக அழ ஒரு இடமும், நம்பிச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். பெயர்ப் பட்டியல் மட்டும் தெரிவதால் "புதுசா ஒரு பேரு இருக்கே, யாரும்மா அது?" என்று கேட்க வழி இருக்கிறது. மிச்சம் அவள் சொல்ல வேண்டியது. சொல்கிற மாதிரி நாம் இருக்க வேண்டியது.

இரவு 10 மணி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். தூக்க நேரம் என்பது பூட்டு இல்லை, சத்தத்தை நிறுத்தி, மெசேஜ் அனுப்பியவருக்குத் தானாகப் பதில் அனுப்பும், அவ்வளவுதான். பிள்ளை போனை எடுத்தால் எல்லாம் திறக்கும். வதைபடுகிற பிள்ளை தூங்காது, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கண்காணிப்பில் போய் இரவுத் தடையையே போட வேண்டும்.

இந்த மொத்த ஏற்பாடும் எட்டாத இடங்கள் உண்டு. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு திறந்த பிள்ளைக்கு டீன் அக்கவுண்ட்டே கிடையாது. கடையில் நான் பார்க்கும் போன்களில் இது சர்வ சாதாரணம். பத்து வயதில் அண்ணன் திறந்து கொடுத்த கணக்காக இருக்கும், அதில் அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அப்புறம் பெயர் தெரியாமல் மெசேஜ் வாங்கும் லிங்க்குகள். ஸ்டோரியில் லிங்க் போட்டு "என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க, யாருன்னு தெரியாது, சொல்லுங்க" என்பார்கள். பிள்ளை தானே கேட்டு வாங்கிக்கொள்கிற அடி அது. அதில் என்ஜிஎல் என்ற செயலியின் மீது 2024 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகமும் நடவடிக்கை எடுத்தன. உண்மையான ஆட்கள் அனுப்பியது போலப் பொய் மெசேஜ்களைச் செயலியே அனுப்பியது, யார் அனுப்பியது என்று காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கியது, செயற்கை நுண்ணறிவு வைத்து வதைப்பு மெசேஜ்களை வடிகட்டுகிறோம் என்று தவறாகச் சொன்னது என்பவை குற்றச்சாட்டுகள். 50 லட்சம் டாலர் கட்டவும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தச் சேவையைக் கொடுக்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பிள்ளையின் ஸ்டோரியில் இந்த மாதிரி லிங்க் இருந்தால், திட்டாமல் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

வகுப்பு குரூப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இருக்கும். அங்கே டீன் அக்கவுண்ட் என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக வலைதளக் கணக்கே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, நம்மூரிலும் வர வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சட்டத்திலும் வாட்ஸ்அப் போன்ற மெசேஜ் செயலிகள் விலக்கப்பட்டவை. வாட்ஸ்அப்பில் யார் நம்மை குரூப்பில் சேர்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் செட்டிங் 2019-ல் இருந்து இருக்கிறது. 2022-ல் இருந்து, குரூப்பை விட்டு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், எல்லாருக்கும் போகாது. வெளியேறினால் கேலி செய்வார்கள் என்று பயந்து உள்ளேயே இருந்து அடி வாங்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

புகார் வரை போகிறவர்களுக்கு, பிரிண்ட் போடுகிறவள் என்ற முறையில் சில வார்த்தைகள். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள். மேலே உள்ள பெயர், நேரம், எல்லாம் இருக்கட்டும். பெயரை நொடியில் மாற்றிவிடலாம், அதனால் அந்தக் கணக்கின் லிங்க்கையும் தனியாக எழுதி வையுங்கள். "அபவுட் திஸ் அக்கவுண்ட்" பகுதியில் கணக்கு எந்த மாதம் திறக்கப்பட்டது என்று இருக்கும், அதையும் எடுங்கள். பிரிண்ட் எடுத்தாயிற்றே என்று போனில் இருப்பதை அழிக்க வேண்டாம். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் வைக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சான்று கேட்பார்கள், அதற்கு மூலப் பிரதி இருக்க வேண்டும். எங்கள் கடையில் கலர் பிரிண்ட் 10 ரூபாய், இந்த மாதிரி தாள்களுக்கு நான் காசு வாங்குவதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கேஸ் போடுங்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-லேயே ரத்து செய்துவிட்டது. 1930 என்ற சைபர் உதவி எண் பணமோசடிக்கு. பிள்ளைகள் விஷயமென்றால் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள். சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். மனசு உடைந்துபோன பிள்ளைக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம். எழுதிய பிள்ளைக்கும் 18 வயது ஆகவில்லை என்றால் விஷயம் சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். எழுதியவனின் அம்மாவும் என் கடைக்கு வந்து அழுதிருக்கிறார். இரண்டு அம்மாக்களையும் பார்த்தவள் நான். முதலில் பள்ளியில் உட்கார்ந்து பேசி நிறுத்த முடியுமா என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

படத்தை மார்பிங் செய்து அந்தரங்கப் படமாக மாற்றியிருந்தால் மட்டும் பேசிக்கொண்டு இருக்க வேண்டாம். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அப்படிப்பட்டதைத் தளங்கள் எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லியிருந்தன, 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். அதோடு "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்கு உரியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனிலேயே அதற்கு ஒரு அடையாள எண் உருவாகி, அந்த எண் மட்டும் போகும். அதில் சேர்ந்திருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அந்தப் படம் ஏறினால் கண்டுபிடித்து எடுக்க முடியும். வாட்ஸ்அப் மாதிரி, அனுப்பியவரும் வாங்கியவரும் மட்டுமே பார்க்கும்படி மறையாக்கம் செய்த இடத்தில் இது வேலை செய்யாது. பிள்ளை பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், வெட்கத்தில் வாயே திறக்காத பிள்ளைக்கும் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் 3 கொடுப்பேன். வெளியாளைத் தடுப்பதற்கு 1, ரெஸ்ட்ரிக்ட்டுக்கு 2. இன்ஸ்டாகிராம் செய்ய வேண்டியது இரண்டு உண்டு. பிள்ளை விரும்பினால், பின்தொடர்கிறவர்கள் நேராக அனுப்பும் சாட்டுக்கும் அவள் சேர்த்த வார்த்தைப் பட்டியல் வேலை செய்ய வேண்டும். கணக்கு திறந்ததும் 60 நிமிட நினைவூட்டலைக் காட்டுகிற அதே இடத்தில், ரெஸ்ட்ரிக்ட் என்று ஒன்று இருக்கிறது, இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது என்று பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். இப்போதைக்கு அதை நான் கடையில் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் கேட்டு வருகிறவர்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.